வியாழக்கிழமை ஒத்திகை

சேலையூர்
9 ஜூலை 2025

'தென்புறம்' வார இதழின் கலை விமர்சகர் திரு. ஜெர்சன் அவர்களுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கும் அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிறன்று பால் பாக்கெட்டோடு வாசலில் கிடந்த உங்கள் இதழில், மனை விற்பனைக்கும் மூட்டுவலி நிவாரணத்துக்கும் இடைப்பட்ட பத்தியில், ஷர்மிளா என்பவரின் பரதநாட்டியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "தாளத்தில் பிழையில்லை. கால்கள் தடுமாறவில்லை. முத்திரைகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றன. ஆனால் இவர் ஆடவில்லை, தேர்வு எழுதுகிறார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மதிப்பெண்ணுக்காகக் காத்து நிற்கிறார். நாற்பதைக் கடந்த ஒருவர் இன்னும் யாருக்குப் பயப்படுகிறார் என்று தெரியவில்லை." இவை உங்கள் வாக்கியங்கள்.

ஷர்மிளா என் மகள். நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள்.

இதைக் கண்டனக் கடிதம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் எழுதியது சரி. அவளுடைய அரங்கேற்றத்தன்றே "தவறில்லாமல் ஆடினாய்" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகும் இருக்கவில்லை. நான் சொல்வது அவளுக்குப் பழகிவிட்டது. அக்கம்பக்கத்து வாசல்களிலெல்லாம் விழும் அச்சில் வருவது பழகவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் அவள் வகுப்பு நடத்துகிறாள். அன்று காலை பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாய், செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்று கேட்டாள்: "மிஸ், பேப்பர்ல ஏதோ போட்டிருக்காங்களே, பாத்தீங்களா? நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கல." தப்பாக நினைக்காத அந்தத் தாய் அடுத்த வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பவில்லை.

ஒரு சந்தேகம். அவள் நீல உடையில் ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். நீல உடையின் தையல் ஒத்திகையின்போது விட்டுப்போயிற்று. நிகழ்ச்சியன்று அவள் உடுத்தியது அரக்கு. நீங்கள் பார்த்தது எதை? தெரிவித்தால் நலம்.

இப்படிக்கு,
ஹேமாவதி


இரும்புலியூர்
16 ஜூலை 2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

ஜெர்சன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை எங்கள் ஆசிரியர் ஸ்ரீநிவாசராகவன் சார் பிரிக்காமலே என்னிடம் கொடுத்தார். "கையால எழுதியிருக்கு. வக்கீல் நோட்டீஸுக்கு முன்னாடி இப்படித்தான்யா வரும். நீயே பிரி" என்றார்.

அரக்கும் நீலமும் நீங்கள் ஒருவரே கவனித்திருக்கிறீர்கள். உங்களிடம் மறைப்பது வீண். இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நம் பகுதி நிகழ்ச்சிகள் சனிக்கிழமை மாலையில் நடக்கின்றன. ஞாயிறு காலையில் விமர்சனம் வாசலில் கிடக்க வேண்டும் என்பது ஆசிரியரின் பிடிவாதம். அடுத்த வாரம் போட்டால் பழைய சோறு என்பார். ஆகவே நான் வியாழக்கிழமை ஒத்திகையைப் பார்த்து எழுதுகிறேன். கூடத்துக் காவலர் வடிவேலு அண்ணன் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார். தூணுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்துகொள்வேன். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் எனக்காக ஆடத் தொடங்கிவிடுவார்கள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மேடவாக்கம் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆக, நான் விமர்சித்த நிகழ்ச்சி எதையும் நான் பார்த்ததில்லை. எழுதிப் பார்க்கும்போது கேவலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எழுதியதற்கு வருந்தவில்லை, அம்மா. இந்தப் பக்கத்தில் நடக்கும் எல்லாமே 'இனிதே நடைபெற்றது', எல்லோருக்குமே 'பலத்த கரவொலி'. மேடவாக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு ஒத்திகை நடந்தது. பாதியில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தோடு எழுந்து போனார்கள், கதாநாயகன் உட்பட. அன்று மாலை உயிரோடு மேடையேறியது அந்த லாரி மட்டுமே என்று எழுதினேன். சங்கச் செயலாளர் விளம்பரத்தை நிறுத்தினார். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடிவைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் சில இளைஞர்கள் மொட்டைமாடியில் ஒரு நாடகம் போட்டார்கள். விட்டுவந்த பழைய தெருவின் வீடுகளை வாசல் வாசலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்தான் நாடகம். அதன் ஒத்திகையை இரண்டு மாலை போய்ப் பார்த்தேன். அதையும் எழுதினேன். எங்கள் இதழ் பெரும்பாக்கத்துக்குப் போவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

எனக்கு இருபத்தாறு வயது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது ஒன்றுதான் நான் அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். அது அவருக்கு எந்த உபயோகமும் இல்லை என்பதும் தெரிகிறது.

பணிவுடன்,
ஜெர்சன்


சேலையூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெர்சன்,

பதில் எழுதியதற்கு நன்றி. பார்க்காத நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதுவது, விதையைப் பார்த்துவிட்டுப் பூவை வருணிப்பது போன்றது. என் மாணவி செய்திருந்தால் பரீட்சைத்தாளைக் கிழித்திருப்பேன். ஆனாலும் வாக்குமூலம் தெளிவாக இருந்தது.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. மாடி வகுப்பில் இப்போது மிஞ்சியிருப்பவள் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வரும் ரேஷ்மா ஒருத்தி. அவள் தாய் செல்லம்மா மீன் விற்பவள். உங்கள் இதழ் அவள் வாசலில் விழாததால் பிழைத்தோம். சென்ற வாரம் ஷர்மிளா அவளிடம், "அடுத்த மாசத்துலேர்ந்து வேற எங்கயாவது சேத்துடுங்கக்கா" என்றாள். செல்லம்மா கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா மிஸ் இப்டி சொல்ற? எவனோ பேப்பர்ல எய்துனான்னு கடைய சாத்துவாங்களா? என் மீன நாறுதுன்னு தெனம் நாலு பேரு சொல்றான். நான் சாத்திகினா பூட்டேன்?" ஷர்மிளா சிரித்தாள். பிறகு மாடிக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஆடும் சத்தம் கேட்கவில்லை.

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விடுதிக் காப்பாளர் வேலைக்கு அவளுடைய தோழி கூப்பிட்டிருக்கிறாள். 23ஆம் தேதி சிட்லபாக்கம் குடியிருப்போர் கலை மன்றத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். அதை முடித்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். அவள் போனால் நான் தனியாகிவிடுவேனே என்று இதை எழுதவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும். அங்கே போய் அவள் பிள்ளைகளின் துணிமணியை எண்ணி வாழ்நாளைக் கழிப்பாள். நாட்டியம் அவளுக்கு வராமல் போயிருக்கலாம். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இல்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. சிட்லபாக்கம் நிகழ்ச்சியைப் பற்றி நன்றாக எழுதுங்கள். எப்படி ஆடினாலும் எழுதுங்கள். நான் பாராட்டினால் அவள் நம்பமாட்டாள். கடுமையாக எழுதியவர் நீங்கள். நீங்கள் பாராட்டினால் நம்புவாள். ஒரு பொய்யினால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது. அப்படியே குறைந்தாலும் உங்களுக்கு வயதிருக்கிறது.

இன்னொன்று. "இந்தத் தடவை நீ வராதம்மா. ஒத்திகைக்கும் வேணாம், நிகழ்ச்சிக்கும் வேணாம். வீட்டுலயே இரு" என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எனக்காக அவளை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஹேமாவதி


இரும்புலியூர்
22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே இருந்தேன். முடியாது என்று எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதத் தேவையும் இல்லாமல் போயிற்று.

நேற்று மாலை சிட்லபாக்கம் கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். வடிவேலு அண்ணன் அங்கேதான் இந்த மாதம் வேலையில் இருக்கிறார். நீங்கள் கேட்டது தொடங்கும்வரை நினைவில் இருந்தது. தொடங்கிய பிறகு மறந்துவிட்டேன்.

பிரிந்துபோன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்ட, அவள் திறக்க மறுக்கும் பதம். ஜூலையில் இதையே ஆடினார். அப்போது, கதவை எப்படிச் சாத்துவது என்று வகுப்பில் காட்டுவதுபோல் சாத்தினார். நேற்று நிஜமாகவே சாத்தினார். சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அவன் போகிறானா நிற்கிறானா என்று காதுகொடுத்தார். பிறகு, அம்மா, சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, திருட்டுத்தனமாக. யாரும் எதிர்பார்க்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவர் வரியை விட்டுவிட்டார். தாளம் போட்டவர் கையை நிறுத்தி, "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். "தெரியலண்ணா, வந்துடுச்சு. இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று உங்கள் மகள் சிறுபிள்ளைபோல் கேட்டார். இரண்டாம் முறை சிரிக்கவில்லை, அழுதார். இரண்டும் பொருந்தின. இருட்டில் நான் சத்தம் போட்டுவிடாமல் இருக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜூலை ஒத்திகையில் முதல் வரிசையில் ஓர் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது நீங்கள்தான் என்று இப்போது புரிகிறது. நேற்று முதல் வரிசை காலி.

விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறன்று படியுங்கள். அதில் ஒரு சொல்கூட உங்களுக்காக எழுதியதல்ல. நாளை நீங்கள் வீட்டிலேயே இருங்கள்.

மகிழ்ச்சியுடன்,
ஜெர்சன்


சேலையூர்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெர்சன்,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் போனேன். வாக்கை மீறிப் போனேன். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையினால் அல்ல. நீங்கள் எழுதப்போகும் பொய், பார்த்தவர்கள் சிரிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்குமா என்று தெரிந்துகொள்ளப் போனேன். கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்தேன். கூடம் இருட்டாக இருந்தது.

இரண்டாவதாக அந்தப் பதம். அவள் நடந்து வந்தாள். அவள் நடை அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் வருணிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் சிறப்பு விருந்தினர் வந்துசேர்ந்தார். நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட்டு நின்றது, விளக்குகள் எல்லாம் எரிந்தன, மன்றத்தார் பொன்னாடையோடு வாசலுக்கு ஓடினார்கள். கூடம் முழுவதும் எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. மேடையில் சாத்திய கதவின் மேல் கைவைத்தபடி நின்றிருந்த அவளும் திரும்பினாள். வாசலருகே எழுந்து நிற்காதவள் நான் ஒருத்திதான். அப்படிப்பட்டவர்களுக்கு எழுந்து நின்று எனக்குப் பழக்கமில்லை. அவள் கண் என்மேல் வந்து நின்றது.

விளக்கை அணைத்து மறுபடி தொடங்கினார்கள். நாலைந்து அடி ஆடினாள். பிழையில்லாமல் ஆடினாள். பிறகு நின்றாள், கும்பிட்டாள், உள்ளே போய்விட்டாள். 'நேரமின்மை காரணமாக' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுச் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். அதற்குத்தான் நல்ல கைதட்டல்.

வீடு வரைக்கும் ஆட்டோவில் என் பக்கத்தில் சலங்கையை மடியில் வைத்து அதன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே வந்தாள். காலையில் உங்கள் இதழைச் சமையலறை மேடையில் விரித்துப் படித்தாள். நீங்கள் விரிவாக எழுதியதாகச் சொல்கிறீர்கள். வந்திருந்தது மூன்றே வரி. ஷர்மிளாவின் நாட்டியம் காண்போரைக் கட்டிப்போட்டதாகவும், அரங்கம் நிறைந்த கரவொலி எழுந்ததாகவும் இருந்தது. மீதி இடத்தில் புதிதாக ஒரு மனைப்பிரிவு.

"ஆடவே இல்லையேம்மா நான்" என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல நீ என்ன பண்ணின?"

"எழுதச் சொல்லிக் கேட்டேன்."

"என்னன்னு?"

"நல்லபடியா எழுதச் சொல்லி."

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவள் இதழை மடித்தாள். "இவ்வளவு வருஷம் மார்க் போட்ட. இப்போ நீயே போய் மார்க் வாங்கிட்டு வந்திருக்க. இனிமே யாராவது நல்லா இருக்குன்னு சொன்னா, நீ கேட்டு வாங்கினதான்னுதான் எனக்குத் தோணும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை மாலை பெருங்களத்தூரில் தென்காசிப் பேருந்து ஏறினாள். சதுர்த்திக்கு ஊருக்குப் போகும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் போய் நின்றேன். "நீ போம்மா, எப்ப கெளம்பும்னு தெரியாது" என்றாள். போகாமல் நின்றேன். ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் உங்கள் கடிதம். முதல் வரிசை காலி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பப் படிக்கவில்லை.

ஹேமாவதி


இரும்புலியூர்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்குகிறேன். நான் எழுதிக் கொடுத்தது முழுப் பத்தி. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்ததாம். ஆசிரியர் வெட்டினார், வெட்டிய இடத்தில் கரவொலியை அவரே சேர்த்தார். திருத்தம் போடச் சொன்னேன். "என்னன்னு போடறது? ஒத்திகைய பாத்து எழுதினோம்னா? இவ்வளவு வருஷம் எழுதின எல்லாத்துக்கும் போடணும்யா" என்றார். நான் இதழிலிருந்து விலகிவிட்டேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆடாத ஆட்டத்துக்குக் கரவொலி போட்ட கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மேடவாக்கத்து நாடகக்காரர் ஒருவர் நேற்று பஸ் நிறுத்தத்தில் பார்த்துவிட்டு, "ஜெர்சன் சார், அடுத்த மாசம் நம்ம நாடகம். நீங்க வர வேணாம், எழுதிடுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ரேஷ்மாவின் அம்மாவிடம் உங்கள் மகளின் எண்ணை வாங்கி, வியாழக்கிழமை நான் பார்த்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன். கதவில் முதுகு சாய்ந்தது, சிரித்தது, தாளக்காரர் கேட்டது, இன்னொரு தடவை எடுக்கலாமா என்று அவர் கேட்டது, அழுதது. இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னால், நான் அங்கே இருந்தேன் என்பதையும் மெய்யாகவே ரசித்தேன் என்பதையும் நம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. அதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

"அப்போ வியாழக்கிழமையும் அம்மா வந்திருந்தாங்க. இருட்டுல உக்காந்து பாத்துட்டு உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு ஒரு நாளாவது யாரும் பாக்கலன்னு நெனச்சிருந்தேன். இனிமே அனுப்பாதீங்க."

அதன் பிறகு என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். வடிவேலு அண்ணனிடம் ஓடினேன். அன்று உள்ளே இருந்தது நான்தான், வயதான அம்மா யாரும் வரவில்லை என்று அவருக்கு ஒரு வார்த்தை போனில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "இன்னா சார் பேஜார் பண்ற? யாரையும் உள்ள வுடலன்னு மன்றத்துல நேத்துதான் சொல்லிக்கினு வந்தேன். வேல பூடும் சார். நீ வந்ததே எனக்குத் தெரியாது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

நான் தென்காசிக்கு நேரில் போய்ப் பேசட்டுமா? சொல்லுங்கள், உடனே புறப்படுகிறேன்.

ஜெர்சன்


சேலையூர்
15 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெர்சன்,

போக வேண்டாம்.

நீங்கள் போய் நின்றால், நான் அனுப்பி வந்தீர்கள் என்பாள். நான் போய் நின்றால் அதற்கு விளக்கமே தேவையில்லை. நீங்கள் எத்தனைக்கெத்தனை நுணுக்கமாகச் சொல்கிறீர்களோ, அத்தனைக்கத்தனை நான் உற்றுப் பார்த்திருக்கிறேன் என்று அவளுக்கு உறுதிப்படும். வாக்குக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை வந்தவள், வியாழக்கிழமை வரமாட்டாள் என்று நம்ப அவளுக்கு எந்த முகாந்திரமும் இல்லை. கிடைத்த தகவல்களை வைத்து அவள் எட்டிய முடிவில் பிழையில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எட்டியிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை மாலை நான் ரேஷன் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சாதம் வடித்தேன். இதை யாரிடம் சொல்வது?

நேற்று செல்லம்மா வந்தாள். "கிளாஸ் எப்பம்மா தொறப்பாங்க? பொண்ணு நச்சரிக்குது" என்றாள். திறக்காது என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். "மிஸ்ஸு எங்களுக்கு போன் பண்ணுச்சு. உங்களாண்ட சொல்ல வேணாம்னு சொல்லிச்சு. நான் சொல்லாம இருப்பனா? சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றேன். அங்கே அவள் ஆடுகிறாளா, ஆடவில்லையா என்று எனக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்துவிட்டால் அது அவளுக்குத் தெரிந்துவிடும், ஆடினால் நிறுத்திவிடுவாள். என்னால் அவளுக்குச் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இதையும் செய்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியாது.

நீங்கள் மறுபடி எழுதத் தொடங்குங்கள், தொடங்காமல் இருங்கள். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அது நல்லதல்ல.

அவள் தன் வாழ்நாளில் ஒருமுறை நன்றாக ஆடினாள். அன்று நான் அங்கே இல்லை. அன்று மேடையில் இருந்தவர்களை விட்டால், உலகத்தில் இது தெரிந்தவர்கள் நாம் இருவர். நம் இருவரையும் தவிர வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள்.

ஹேமாவதி